சாமுராய் ஊர்ல ஒரு கொலை: யார் செஞ்சான்னு தெரிஞ்சா மட்டும் போதுமா?

"அவனைக் கட்டி வெச்சு நாலு சாத்து சாத்துனா உண்மையைக் கக்கிடுவான் மச்சி."

ஏதோ தமிழ்ப்பட போலீஸ் ஸ்டேஷன் வசனம்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில, ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு, முறுக்குத் தட்டுக்கும் பகடைக்கும் நடுவுல என் நண்பர் ஒருத்தர் சொன்னது. நிஜ வாழ்க்கையில எறும்பைக் கூட மிதிக்காத மனுஷன், பேங்க்ல வேலை. அன்னிக்கு மட்டும் அவர் இடுப்புல ரெண்டு வாளோட அலையுற ஒரு சாமுராய் மாஜிஸ்ட்ரேட்.

ரோல் பிளேயிங் கேம் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாலஞ்சு பேர் உக்காந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்குவோம். ஒருத்தர் மட்டும் கதையையும் உலகத்தையும் நடத்துவார். அவருக்கு கேம் மாஸ்டர்னு பேரு. தமிழ்ல நடத்துனர்னு சொல்லலாம், ஆனா டிக்கெட் கிழிச்சுத் தர மாட்டார் :-) எங்க குழுவுல அந்த நடத்துனர் அடியேன்தான். எதுவும் நிச்சயமில்லாத இடத்துல பகடை உருட்டி முடிவு பண்ணிக்குவோம்.

அன்னிக்கு நான் எழுதி வெச்சிருந்த கதை இது. ஒரு கோட்டை நகரம். அங்க ஒரு அரிசித் தரகர் கொலையாகிறார். கொன்னது பிரபுவோட வீட்டைச் சேர்ந்த இளம் சாமுராய். தரகர்கிட்ட ஏகப்பட்ட கடன் வாங்கியிருந்தான். விளையாடுறவங்க துப்புகளைக் கோர்த்து அவன்கிட்ட வந்து சேரணும்ங்கிறது திட்டம். ஆனா அவங்க முதல் அரைமணி நேரத்துலயே கிடங்குக் காவல்காரனைப் பிடிச்சுட்டாங்க. பாவம், அவனுக்கும் கொலைக்கும் சம்பந்தமே கிடையாது. பேங்க் நண்பர் மேற்படி வசனத்தைச் சொல்லிட்டு பகடையை உருட்டினார். நல்ல எண்ணிக்கை. விதிப்புத்தகப்படி பார்த்தா காவல்காரன் வாயைத் திறந்தே ஆகணும்.

நான் என்ன பண்ணேன்னா, அவனை ஒத்துக்க வெச்சுட்டேன். அடி தாங்காம ஒருத்தன் அதைத்தானே பண்ணுவான்? "ஆமா சாமி, நான்தான் கொன்னேன்." கேஸ் முடிஞ்சுது, கைதட்டல், மிச்ச முறுக்கையும் காலி பண்ணிட்டு எல்லாரும் கிளம்பிட்டாங்க. அதிகம் பேசாத ஒரு தம்பி மட்டும் செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டான்: "அண்ணே, நெஜமாவே அவன்தான் பண்ணானா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரலை. அன்னிக்கு ராத்திரி தூக்கமும் வரலை. இந்த மாதிரி துப்பறியும் ஆட்டத்தை சாமுராய் உலகத்துல எப்படி அமைக்கணும்னு அப்புறம்தான் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட விளையாட்டு போய் வரலாறு வந்துடுச்சு.

விளையாட்டுல துப்பறிதல் வந்த கதை

ஆரம்பகால ஆட்டங்கள்ல வேலை ரொம்ப சிம்பிள். குகைக்குள்ள போ, பூதத்தைக் கொல்லு, புதையலை எடு. விசாரணையையே மையமா வெச்சு பெரிய அளவுல பேர் வாங்கினது 1981-ல வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு'. சாமுராய் பக்கம் பார்த்தா, 1997-ல 'லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்' விளையாட்டு வந்துச்சு. ரொக்குகன்னு ஒரு கற்பனைப் பேரரசு. ஜப்பான் சாயல் தூக்கல், கூடவே மந்திரம், பேய் பிசாசு. அதுல ஆடுறவங்க எல்லாரையும் பேரரசோட மாஜிஸ்ட்ரேட்டுகளா ஆக்கிடுறது ரொம்ப பிரபலமான வழி. காரணம் எளிமையானது. வேற வேற குலத்தைச் சேர்ந்த, ஒருத்தரை ஒருத்தர் நம்பாத நாலு சாமுராய்கள் ஒண்ணா சுத்துறதுக்கு ஒரு நியாயம் வேணும்ல? 1998-ல அபின் கடத்தல் நடக்கிற ஒரு முழு நகரத்தையே பெட்டியில போட்டு 'சிட்டி ஆஃப் லைஸ்'னு வெளியிட்டாங்க. அதுலயும் நாயகர்கள் மாஜிஸ்ட்ரேட்டுகள்தான்.

துப்பறியும் ஆட்டத்துல எல்லா நடத்துனருக்கும் வர்ற தலைவலி ஒண்ணு உண்டு. ஒரே ஒரு துப்பை ஒளிச்சு வெச்சிருப்போம், அது ஆடுறவங்க கண்ணுல படாது, கதை அப்படியே நின்னுடும். இதுக்கு 2008-ல ஜஸ்டின் அலெக்சாண்டர் ஒரு கட்டுரையில சொன்ன வழி பிரசித்தம்: அவங்க வந்து சேர வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைஞ்சது மூணு துப்பு வை. ராபின் லாஸ் உருவாக்கின கம்ஷூ முறை இன்னும் ஒரு படி மேல. முக்கியத் துப்புக்குப் பகடையே கிடையாது, சரியான இடத்துல தேடினா கையில கொடுத்துடு.

ரெண்டுமே அருமையான யோசனைங்க. ஆனா என் பிரச்சினை அது இல்ல. எங்க ஆட்டத்துல துப்பு கிடைக்காம கதை நிக்கலை. துப்பே தேவையில்லைன்னு முடிஞ்சு போச்சு. ரொக்குகன் சட்டத்துல பொருள் சாட்சியத்துக்கு மதிப்பு கம்மி, மரியாதைப்பட்ட சாமுராயோட வாய்வார்த்தைக்கும் குற்றவாளியோட ஒப்புதலுக்கும்தான் மதிப்பு. இது எழுதினவங்க சும்மா இட்டுக்கட்டினதா, இல்ல நிஜத்துல வேர் இருக்கான்னு பார்க்கத்தான் எடோ காலத்துக்குள்ள போனேன்.

பத்து லட்சம் பேர் ஊருக்கு முப்பது பேர் கூட இல்ல

எடோங்கிறது இன்னிக்கு டோக்கியோ. 18-ஆம் நூற்றாண்டுல ஏறக்குறைய பத்து லட்சம் ஜனம், அதுல பாதி சாதாரண நகரவாசிகள், மீதியில பெரும்பகுதி சாமுராய் குடும்பங்கள். நகரவாசிகளுக்கு 'மாச்சி புக்யோ'ன்னு ரெண்டு அதிகாரிகள், வடக்கு அலுவலகம் ஒண்ணு, தெற்கு அலுவலகம் ஒண்ணு. வடக்கு தெற்குன்னா நகரத்தை ரெண்டாப் பிரிச்சுக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. முறை வெச்சு மாசம் மாத்தி மாசம் வேலை! ஒரு மாசம் இவர் வாசல் கதவு திறந்து புது வழக்கு வாங்குவார். அடுத்தவர் அந்த மாசம் கதவைச் சாத்திக்கிட்டு பாக்கி வழக்குகளைப் பார்ப்பார். போலீஸ், நீதிபதி, நகர நிர்வாகம் மூணும் ஒரே ஆள்.

ஒவ்வொரு அலுவலகத்துக்கும் 25 யோரிகி, அவங்களுக்குக் கீழ நூத்துச் சொச்சம் தோஷின். அதுலயும் தெருவுல ரோந்து சுத்தி ஆளைப் பிடிக்கிற வேலை பார்த்த தோஷின்கள் ரெண்டு அலுவலகமும் சேர்த்து 30 பேருக்கும் குறைவு. இவங்க கையில ஜித்தேன்னு ஒரு இரும்புத் தடி இருக்கும், பக்கத்துல ஒரு கொக்கியோட. வாளை மடக்கிப் பிடிக்கிறதுக்கு அது.

இவ்வளவு கொஞ்சம் பேரை வெச்சு எப்படிச் சமாளிச்சாங்க? 'ஒகப்பிகி'ங்கிற எடுபிடி உளவாளிகளை வெச்சுத்தான். பல பேர் பழைய குற்றவாளிகள். அரசாங்கச் சம்பளம் கிடையாது, தோஷின் தன் கையில இருந்து ஏதோ கொடுப்பார். மிச்சத்தை ஊர்க்காரங்ககிட்ட மிரட்டி வாங்கிக்கிட்டவங்களும் உண்டு. அரசு இந்த ஆட்களைப் பயன்படுத்தக் கூடாதுன்னு பலமுறை தடை போட்டுச்சு. தடை வந்துக்கிட்டே இருந்துச்சு, ஒகப்பிகியும் இருந்துக்கிட்டே இருந்தாங்க. நம்ம ஊர் ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேணாம் :-)

இந்த ஒகப்பிகிகள்ல ஒருத்தரை நாயகனா வெச்சுத்தான் ஒகமோட்டோ கிடோ 1917-ல ஹன்ஷிச்சி கதைகளை எழுத ஆரம்பிச்சார். அவருக்குத் தூண்டுகோல் ஷெர்லாக் ஹோம்ஸ். ஜப்பான்ல சரித்திரத் துப்பறியும் கதைங்கிற வகையே அங்கிருந்துதான் கிளம்புச்சு.

ஆட்டம் அமைக்கிறவங்களுக்கு அல்வா மாதிரி ஒரு விஷயம், அதிகார எல்லை. எடோ நிலத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல சாமுராய் வளாகங்கள். அங்க மாச்சி புக்யோ ஆட்கள் நுழைய முடியாது. கோயில் நிலம்னா அதுக்கு வேற அதிகாரி. திருடன் ஓடி ஒரு பிரபுவோட மாளிகைச் சுவரைத் தாண்டிட்டான்னா, தோஷின் வெளிய நின்னு பல்லைக் கடிக்க வேண்டியதுதான். இதுல இன்னொரு வேதனை என்னன்னா, குற்றவாளி, பிணம்னு அலையுற இந்த தோஷின்களும் யோரிகிகளும் சாமுராய்களா இருந்தும் 'தீட்டுப்பட்ட அதிகாரிகள்'னு மத்த சாமுராய்கள் முகஞ்சுளிச்சாங்க.

இன்னொண்ணு, ராத்திரிக் கதவு. நகரவாசிகள் இருக்கிற தெருக்களுக்கு 'கிடோ'ன்னு மரக்கதவு இருக்கும். ராத்திரி பத்து மணி சுமாருக்குச் சாத்திடுவாங்க. அப்புறம் யாராவது போகணும்னா காவலாளி சின்னத் திட்டிவாசல் வழியா விட்டுட்டு, அடுத்த கதவுக்காரனுக்குத் தெரியுற மாதிரி மரக்கட்டைகளைத் தட்டுவான். அதாவது, ராத்திரி யார் எந்தப் பக்கம் போனாங்கங்கிறது ஊருக்கே காதுல கேக்கும்! துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன சார் வேணும்?

பிணத்தைத் தொட மாட்டாங்களா?

ரொக்குகன்ல பிணத்தைத் தொடுறது பெரிய தீட்டு, அதனால பிணப் பரிசோதனைங்கிற பேச்சே பெரும்பாலும் இல்ல. தீட்டுங்கிற எண்ணம் நிஜ ஜப்பான்லயும் இருந்தது வாஸ்தவம். அந்த வேலைகளைத் தள்ளி வைக்கப்பட்ட சாதியினர் தலையில கட்டினதும் வாஸ்தவம். ஆனா நிஜ வரலாறு அதோட முடியலை. சீனாவுல 1308-ல தொகுத்த ஒரு பிணப் பரிசோதனைக் கையேடு கொரியா வழியா ஜப்பான் வந்து, 1768-ல ஜப்பானிய வடிவத்துல அச்சாச்சு. தூக்குல தொங்கினவனா, கழுத்தை நெரிச்சுத் தொங்க விட்டதா, முங்கிச் செத்தவனா, செத்தப்புறம் தண்ணியில போட்டதா, இதையெல்லாம் உடம்புல எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்ற நூல். அதோட தலைப்புக்கு அர்த்தம் கிட்டத்தட்ட 'யாருக்கும் அநியாயம் நேராமல் இருக்க'. அந்தத் தலைப்பைப் படிச்சதும் என் காவல்காரன் ஞாபகம் வந்து சுருக்குன்னு இருந்துச்சு.

ஒத்துக்கிட்டாத்தான் கேஸ் முடியும்

1742-ல ஷோகன் யொஷிமுனே காலத்துல ஒரு சட்டத் தொகுப்பு வந்துச்சு. எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனைங்கிறது அதோட ரெண்டாம் பாகம், நூறு சொச்சம் விதிகள். வேடிக்கை என்னன்னா, அது ரகசியம்! மாச்சி புக்யோ மாதிரி சில உயர் அதிகாரிகள் மட்டும்தான் பார்க்கலாம்.

ஒருத்தனைத் தண்டிக்கணும்னா அவன் ஒத்துக்கிட்டு, அதை எழுதி, அவன் முத்திரை வெச்சிருக்கணும். எவ்வளவு தடயம் இருந்தாலும் இது இல்லாம பொதுவா முடியாது. ஒத்துக்கலைன்னா? கொலை, தீ வைப்பு மாதிரி பெரிய குற்றங்கள்ல, தடயம் தெளிவா இருந்தும் ஆள் மறுத்தா, சித்திரவதை சட்டப்படியே அனுமதி. சவுக்கடி, முழங்கால் மேல கல் பலகை ஏத்துறது, இறால் மாதிரி வளைச்சுக் கட்டுறது, கடைசியா தொங்க விடுறதுன்னு நாலு படிநிலை. இதுக்கு மேல விவரிக்க எனக்கு மனசில்ல.

நான் எதிர்பார்க்காத விஷயம் இதுக்கப்புறம்தான். சித்திரவதைக்குப் போறதே விசாரிக்கிறவருக்குக் கௌரவக் குறைச்சல்னு ஒரு எண்ணம் அவங்களுக்குள்ளயே இருந்திருக்கு. பேச்சாலயே ஒப்புதல் வாங்குறவன்தான் கெட்டிக்காரன். கடுமையான சித்திரவதைக்கு மேலிடத்து மூத்த அமைச்சர்கள் அனுமதியும் வேணும். சட்டம் கையில கம்பைக் கொடுத்தும், அதை எடுக்கறவன் தோத்தவன்னு ஒரு பார்வை. என் விதிப்புத்தகத்துல கம்பு இருந்துச்சு. இந்த வெட்கம் இல்ல. அதை வைக்க வேண்டியது நான், வைக்கலை.

கல்சிலையைக் கைது பண்ண நீதிபதி

பேச்சாலயே உண்மையை வரவழைக்கிறதுல ஜப்பான் ஜனங்க கொண்டாடுற பேர் ஓகா தாதாசுகே. 1717 முதல் 1736 வரை எடோவோட தெற்கு மாச்சி புக்யோவா இருந்தவர். நகரவாசிகளோட தீயணைப்புப் படைகளை ஒழுங்குபடுத்தினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா அவர் பேர்ல உலாவுற தீர்ப்புக் கதைகள்ல பெரும்பாலானது அவர் விசாரிச்சதே இல்ல. ஒரு குழந்தைக்கு ரெண்டு தாய் சண்டை போடுற கதை உட்பட. அது சாலமோன் கதையிலயும் இருக்கு, நம்ம ஜாதகக் கதைகள்லயும் இருக்கு, சீனத்துலயும் இருக்கு.

அதுல எனக்குப் பிடிச்சது கட்டிப்போட்ட ஜிசோ கதை. துணி மூட்டை சுமந்து வந்த ஒருத்தன் வழியில ஜிசோ சாமி சிலைக்குப் பக்கத்துல கண்ணசர்றான். முழிச்சுப் பார்த்தா மூட்டை காணோம். ஓகா என்ன பண்றார்? "கண்ணு முன்னாடி திருட்டு நடந்தும் சும்மா நின்ன குற்றத்துக்கு" அந்தச் சிலையைக் கயிறு கட்டித் தூக்கிட்டு வரச் சொல்றார். வேடிக்கை பார்க்க ஊரே நீதிமன்றத்துக்குள்ள புகுந்துடுது. உத்தரவில்லாம உள்ள வந்ததுக்கு அபராதம், ஆளுக்கொரு துண்டு துணி! வந்து குவிஞ்ச துணியில திருட்டுத் துணியும் இருக்கு. அதை வெச்சுத் திருடனைப் பிடிச்சுடுறார். டோக்கியோ கட்சுஷிகாவுல ஒரு கோயில்ல இன்னிக்கும் அந்த ஜிசோவுக்கு ஜனங்க கயிறு கட்டி வேண்டிக்கிறாங்க.

கதை நிஜமோ பொய்யோ, அதுல ஒரு பாடம் இருக்கு. அவர் யாரையும் அடிக்கலை, குற்றம் சாட்டவும் இல்ல. உண்மை தானா வெளிய வந்தே ஆகணும்ங்கிற மாதிரி ஒரு சூழ்நிலையை ஊர் முன்னாடி உண்டாக்கினார்.

மறுபடியும் அதே கொலை

இவ்வளவும் படிச்சப்புறம் நண்பர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "காவல்காரன் நிரபராதி. போன தடவை நான் கதையை அமைச்ச விதம் தப்பு. அதே கேஸை முதல்ல இருந்து ஆடலாமா?" பேங்க் நண்பர் முகம் கொஞ்சம் மாறுச்சு. ஆனா சரின்னுட்டார்.

இந்த முறை மூணு விஷயம் மாத்தினேன்.

ஒண்ணு, யார் கொன்னான்ங்கிறதை ஒளிக்கவே இல்ல. தரகர்கிட்ட அந்த இளம் சாமுராய் முத்திரை போட்ட கடன் பத்திரம், கதவுக் காவலாளி, உடம்புல காயம்னு துப்புகள் தாராளம். கடன் விஷயம் நான் சும்மா வெச்சது இல்ல. எடோவுல சாமுராய்கள் அரிசிச் சம்பளத்தை அடகு வெச்சு தரகர்கள்கிட்ட கடன்ல மூழ்கி, 1789-ல அரசாங்கமே அந்தப் பழைய கடன்களை ரத்து பண்ற அளவுக்குப் போச்சு.

ரெண்டு, யார் சொன்னா எடுபடும்ங்கிறதைப் புதிராக்கினேன். கதவுக் காவலாளி பார்த்தான், ஆனா சாமானியன். சாமுராய்க்கு எதிரா அவன் பேச்சு நிக்காது. அன்னிக்கு ராத்திரி கொலைகாரன்கூட குடிச்ச இன்னொரு சாமுராய்க்கு எல்லாம் தெரியும், ஆனா நண்பனைக் காட்டிக் கொடுக்க மாட்டான். விசாரணை எல்லையோ பிரபு மாளிகை வாசலோட சரி.

மூணு, அடிக்கலாம்னு விதி இருக்கட்டும், ஆனா அதுக்கு விலை இருக்கட்டும்னு வெச்சேன். பகடையில ஜெயிச்சா கிடைக்கிறது ஒப்புதல் மட்டும், உண்மை இல்ல. இதை ஆட்டத்துக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அடிச்சுத்தான் வாங்கினார்னு தெரிஞ்சா மாஜிஸ்ட்ரேட்டோட பேரும் கெடும்.

ஒரு மணி நேரத்துல கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. மீதி மூணு மணி நேரம் அதை எப்படி நிலைநாட்டறதுன்னு அடிச்சுக்கிட்டாங்க. இப்படி ஒரு ஆட்டம் எங்க வீட்டுல நடந்ததே இல்ல. கடைசியில வழி சொன்னது அதே அமைதியான தம்பிதான்.

தரகருக்கு அஞ்சலின்னு ஒரு கூட்டம் போட்டு, பிரபுவோட மூத்த அதிகாரிகளையும் அந்தக் குடிகார நண்பனையும் கூப்பிட்டாங்க. யாரையும் குற்றம் சொல்லலை. தம்பியோட பாத்திரம் எழுந்து அந்த நண்பனைக் கும்பிட்டு நன்றி சொல்லுச்சு. "அன்னிக்கு ராத்திரி கதவு சாத்தினப்புறம் ஒரு சாமுராய் இந்தத் தெரு வழியா வந்தார்னு கட்டை தட்டியிருக்காங்க. அது நீங்கதான்னு கேள்விப்பட்டோம். நீங்க பார்த்ததைச் சொன்னா உதவியா இருக்கும்." அவன் என்ன பண்ணுவான்? ஆமான்னா கொலை அவன் தலையில. இல்லைன்னா, அப்ப வந்தது யாருங்கிற கேள்வி. எல்லார் முன்னாடியும் "நான் இல்ல, அவன்தான் போனான்"னுட்டான்.

காவல்காரன் விடுதலை. ஆனா கொலைகாரனை நான் நீதிமன்றத்துக்கு அனுப்பலை. அவனோட குலம் சத்தமில்லாம அவனை ஒரு மடத்துக்கு அனுப்பிடுச்சு, தரகரோட விதவைக்குக் கொஞ்சம் பணம் போய்ச் சேர்ந்துச்சு, அவ்வளவுதான். பேங்க் நண்பர் கொதிச்சுட்டார். "இது என்ன நியாயம் மச்சி?" நியாயம் இல்லதான். அந்த உலகத்துல அதுக்கு மேல வாங்க முடியாது. ஆனா போன தடவை ஒரு நிரபராதி சாகப் போனப்ப வராத கோபம் இந்தத் தடவை அவருக்கு வந்துச்சு பாருங்க, எனக்கு அது போதும்.

அப்புறம் என்ன ஆச்சு?

நிஜ ஜப்பான்ல அந்த முறை 1868 மெய்ஜி மாற்றத்தோட உடனே போயிடலை. சட்ட ஆலோசகரா வந்திருந்த பிரெஞ்சுக்காரர் புவாசொனாத், 1875-ல ஒரு நாள் நீதிமன்றக் கட்டடத்துல ஒரு அலறல் சத்தம் கேட்டு, சித்திரவதை நடக்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கடுமையா எதிர்த்தார். 1876-ல ஒப்புதல் கட்டாயம்ங்கிற விதி போய், சாட்சியங்களை வெச்சுத் தீர்ப்புன்னு ஆச்சு. 1879-ல சித்திரவதையே ஒழிஞ்சுது, சட்டப் புத்தகத்துலயாவது.

அடுத்த வருஷமே, 1880-ல, டோக்கியோ சுகிஜியில வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்த ஹென்றி ஃபோல்ட்ஸ்ங்கிற ஸ்காட்லாந்து டாக்டர் 'நேச்சர்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய ஜப்பானியப் பானை ஓடுகள்ல பதிஞ்சிருந்த விரல் தடங்களைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை: குற்றவாளியை விரல் ரேகை வெச்சு அடையாளம் காணலாமே! வெள்ளைச் சுவர்ல இருந்த கரி படிஞ்ச விரல் தடத்தைச் சாட்சியாப் பயன்படுத்தினதையும் அதுல குறிப்பிட்டிருந்தார். வாய்ச்சொல் இல்லாம வழக்கு நகராத அதே ஊர்ல இருந்து, வாயே திறக்காத ஒரு சாட்சி.

அந்தக் காவல்காரனுக்கு இப்ப எங்க ஆட்டத்துல ஒரு பேர் வெச்சாச்சு. மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கு ஒகப்பிகியா சேர்ந்துட்டான். சம்பளம் பேங்க் நண்பர் கையில இருந்து :-)

டிஸ்கி: இது பொழுதுபோக்குக்குப் படிக்கிறவன் எழுதினது, வரலாற்று ஆசிரியன் இல்ல. ஜப்பானியப் பேர்களோட உச்சரிப்புல தப்பிருந்தா தலையில குட்டுங்க, திருத்திக்கிறேன். மத்தபடி அடுத்த சனிக்கிழமை ஒரு தீ வைப்பு கேஸ். துப்பு யாருக்கும் சொல்ல மாட்டேன்.